தூணும் மொட்டைமாடியும்: எங்கள் பழைய ஃபிளாட்டைப் பலப்படுத்தியவர்கள் எப்படி?

திருவான்மியூரில் எங்கள் குடியிருப்பு 1994-ல் கட்டியது. கீழே வெறும் தூண்களும் கார் பார்க்கிங்கும், மேலே மூன்று மாடி. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில், 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இந்த அமைப்புதான். மேல்மாடிகளைச் சுவர்கள் இறுக்கிப் பிடித்திருக்கும். ஆட்டமெல்லாம் கீழ்த்தூண்களில் வந்து இறங்கும். அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரிக் கடலில் வந்த அதிர்வு சென்னையிலும் தெரிந்தது. 2002-ல் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடுதலான மூன்றாவதுக்கு மாற்றினார்கள். எங்கள் தூண்கள் அதற்கு முந்தைய கணக்கு. சங்கச் செயலாளராக எனக்கு இது நெடுநாள் உறுத்தல்.

முதலில் வந்த ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "பூசி பெயின்ட் அடிச்சா போதும் மேடம்" என்று அன்றே விலை சொன்னார். நாங்கள் அமர்த்தியவர்கள் விலையே பேசவில்லை. கான்கிரீட்டைத் தட்டி வலிமையைக் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமர், ஒலியலை அனுப்பி உள்ளே பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனை, தூணில் கோர் (உருளைத் துண்டு) எடுத்துப் பார்ப்பது, உப்புக்காற்றில் கம்பி எவ்வளவு துருப்பிடித்திருக்கிறது என்ற அளவீடு எல்லாம் முடித்து, தூண்வாரியாக அறிக்கை தந்தபிறகுதான் கொட்டேஷன்.

எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்தது மொட்டைமாடியில். "எத்தனை தளம் போட்டிருக்கீங்க மேடம்?" என்று கேட்டு இன்ஜினியர் ஓரிடத்தில் வெட்டச் சொன்னார். செங்கல் ஜல்லி சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு, ஒழுகியபோதெல்லாம் போட்ட சிமென்ட் தளம், மறுபடி ஓடு. பத்து சென்டிமீட்டர் ஜல்லித்தளமே சதுர மீட்டருக்கு 150 கிலோவைத் தாண்டும். கட்டடத்தின் எடை கூடக் கூட நிலநடுக்க விசையும் கூடும். அதிலும் உச்சியில் ஏறிய எடை மிக மோசம். அத்தனையையும் பெயர்த்து இறக்கி, நீர்க்காப்புப் பூச்சு, ஐந்து சென்டிமீட்டர் எக்ஸ்.பி.எஸ் பலகை (வெப்பம் தடுக்கும் நுரைப்பலகை), மெல்லிய தளம், வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் டைல்ஸ் போட்டார்கள். அந்தப் பலகை சதுர மீட்டருக்கு இரண்டு கிலோகூட இல்லை. தூணுக்கு ஒரு வேலை, வெயிலுக்கு ஒரு வேலை என்று தனித்தனியாகச் செலவு கேட்டிருந்தால் சங்கம் ஒத்துக்கொண்டிருக்காது. மூன்றாம் மாடிக்காரர்கள் இந்த மே மாதம் ராத்திரி ஏசியை நடுவில் அணைத்துவிட்டுத் தூங்கினார்கள்.

கீழே ஜாக்கெட்டிங், அதாவது தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போடுவது. கம்பியை மூடியிருந்த பழைய கவர் கான்கிரீட்டைக் கொத்தி, துருவைச் சுரண்டி, எபாக்ஸி பசை வைத்துக் கம்பி நட்டு, சுற்றிலும் புதுக்கம்பியும், அவற்றைச் சுற்றி வளைத்துப் பிடிக்கும் நெருக்கமான ரிங்குகளும் கட்டி, இடுக்கிலும் ஓடி நிரம்பும் மைக்ரோ கான்கிரீட் ஊற்றினார்கள். ரிங்கின் கொக்கி 135 டிகிரியில் உள்பக்கம் மடங்கவேண்டும். மேஸ்திரி 90-ல் விட்டிருந்த சிலவற்றை இன்ஜினியரே அவிழ்க்க வைத்தார். நீங்கள் செய்யும்போது இரண்டு இடம் பாருங்கள்: நெடுக்குக் கம்பி ஸ்லாபுக்கு அடியிலேயே நின்றுவிடாமல் துளைத்து மேலே போகிறதா, கீழே அஸ்திவாரத்தில் பிடித்திருக்கிறதா. ஆட்டத்தைத் தூண்களோடு பங்குபோட்டுத் தாங்கப் பின்பக்கம் எழுப்பிய கான்கிரீட் சுவரால் இரண்டு கார்களுக்கு இடம் போனது. அதற்காக வந்த சண்டை இன்னும் ஓயவில்லை; ஆனால் அந்தச் சுவர் வேண்டியதுதான்.

குறை உண்டு. தூசிக்குத் திரை கட்டுவதாகச் சொன்னவர்கள், கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார்கள். ஆஸ்துமா உள்ள ஒரு மாமி மகள் வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. தீபாவளிக்கு முன் முடிப்போம் என்றது பொங்கலைத் தொட்டது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன்.

சோதனைக் கட்டணத்தைத் தனியாக வாங்குகிறார்கள். வேலையை வேறு யாருக்குக் கொடுத்தாலும் அந்த அறிக்கை நம்முடையது.