மேஃபீல்டா, வாட்சனா? கிளீவ்லாந்தின் ஆறாத வருத்தம்

2022 மார்ச்சில் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி கிளீவ்லாந்து பிரவுன்ஸ், குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) பேக்கர் மேஃபீல்டுக்குப் பதிலாக ஹூஸ்டனிலிருந்து டெஷான் வாட்சனைக் கொண்டுவந்ததை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

விலை: மேஃபீல்டுக்கு அந்த ஆண்டுச் சம்பளம் சுமார் 1.9 கோடி டாலர். வாட்சனுக்கோ, புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள், அப்புறம் முழு உத்தரவாதத்தோடு 23 கோடி டாலர்.

உழைப்பு: தோள்பட்டை கிழிந்த நிலையிலும் 2021இல் மேஃபீல்டு 14 ஆட்டம் ஆடினார். லீக் விதித்த தடை, காயம் என்று வாட்சன் மூன்று சீசனில் ஆடியது 19.

நினைவு: மேஃபீல்டு காலம், 2021 ஜனவரி, பிட்ஸ்பர்க்கில் பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டம். எதிரணி ஸ்டீலர்ஸின் முதல் பந்தே அவர்களுடைய குவாட்டர்பேக் ராத்லிஸ்பெர்கர் தலைக்கு மேல் பறந்தது. நம்மவர்கள் பாய்ந்து அமுக்கி டச்டவுன் (ஆறு புள்ளி) ஆக்கினார்கள். 48-37 என்று ஜெயித்தோம்! வாட்சன் காலத்தில் சொல்ல அப்படி ஒன்றும் இல்லை.

சரி, யாருக்கு யார்? பந்தோடு ஓட ஆளே இல்லாமல் எறிபவரை மட்டும் நம்பும் அணிக்குப் பழைய ஹூஸ்டன் வாட்சன். ஓட்டக்காரர் நிக் சப் பந்தோடு ஓடிய கிளீவ்லாந்துக்கு மேஃபீல்டே போதும். அவர் பிறகு டாம்பா பே அணியை இரண்டு முறை பிளேஆஃபுக்குக் கொண்டுபோனார்.