ரிங் சர்க்கியூட்டோடு பன்னிரண்டு ஆண்டுகள்

பிரிட்டனில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளம் முழுவதற்கும், சமையலறை உட்பட, ஒரே ரிங் சர்க்கியூட்தான். 32 ஆம்பியர் பிரேக்கரிலிருந்து புறப்படும் 2.5 சதுர மி.மீ. கேபிள், சாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சுற்றி, மறுபடியும் அதே பிரேக்கருக்கே வந்து சேர்கிறது. சுமை இரு பக்கமாகப் பிரிவதால்தான் இந்தக் கேபிளுக்கு அவ்வளவு பெரிய பிரேக்கர் பொருந்துகிறது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய செம்புத் தட்டுப்பாட்டில் பிறந்த சிக்கனம் இது.

அது ஒருமுறைகூட டிரிப் ஆனதில்லை என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையே இருந்தது. 3 கிலோவாட் கெட்டிலுக்கு 13 ஆம்பியர், துணி உலர்த்தும் டிரையருக்கு 11, தண்ணீரைச் சூடாக்கும் வேளையில் டிஷ்வாஷருக்கு 9 என்று கூட்டினால் 33 வருகிறது. ஆனால் கெட்டில் சில நிமிடங்களில் கொதித்து அணைந்துவிடும். 32 ஆம்பியர் பிரேக்கரோ 36 ஆம்பியரையே ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டது.

சென்ற ஆண்டு சோதனைக்கு வந்த எலக்ட்ரீஷியன், மெயினை அணைத்து, போர்டில் ரிங்கின் இரு முனைகளையும் கழற்றி மீட்டரை வைத்தார். லைவ் கம்பி 0.43 ஓம் காட்டியது, அதாவது வளையம் முழுமையாக இருந்தது; நியூட்ரலில் தொடர்பே இல்லை. ஒவ்வொரு சாக்கெட்டாகக் கழற்றிக்கொண்டே போனதில், சமையலறையின் இரட்டைச் சாக்கெட் ஒன்றின் பின்னால் ஒரு நீல நியூட்ரல் கம்பி திருகிலிருந்து நழுவித் தனியே நின்றது. திருகில் மிஞ்சியிருந்த மற்றொரு கம்பியின் உறை, நுனியில் விரற்கடை அளவுக்குப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது.

வளையம் அறுந்தாலும் மின்சாரம் மறுபக்கமாக வந்துவிடுவதால் எல்லாச் சாக்கெட்டுகளும் வழக்கம்போலவே இயங்கும். இதுதான் இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம். எங்கள் சமையலறைச் சுமை முழுவதும், எத்தனை காலமோ, ஒரே பக்க நியூட்ரலில் போயிருக்கிறது. சுவர்மேல் வெளிப்படையாகப் பொருத்திய 2.5 கேபிளே சுமார் 27 ஆம்பியர்தான் தாங்கும். வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் புகுந்து சென்றால் அதைவிடக் குறைவு. 32 ஆம்பியர் பிரேக்கருக்கு இந்த மாற்றம் தெரிய வழியில்லை. மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. அந்தக் கசிவை மட்டுமே கவனிக்கும்; பிளக்கில் உள்ள 13 ஆம்பியர் ஃபியூஸ் அந்தந்தக் கருவியின் வயருக்கு மட்டுமே காவல்.

கருகிய நுனியை வெட்டி, சாக்கெட்டை மாற்றி, திருகுகளை இறுக்கிய பின் நியூட்ரலும் 0.43 ஓம் காட்டியது. டிரையரை ரிங்கிலிருந்து விலக்கி, 20 ஆம்பியர் பிரேக்கரில் தனி ரேடியல், அதாவது திரும்பி வராத ஒற்றை வழிக் கேபிள், இழுத்துக்கொண்டோம். சொந்த வீட்டுக்குப் பரிந்துரைக்கப்படும் பத்தாண்டு இடைவெளிக்குக் காத்திராமல், அடுத்த சோதனையை ஐந்தாம் ஆண்டிலேயே வைத்துக்கொள்ளப்போகிறேன்.