10 திங்ஸ் ஐ ஹேட் அபவுட் யூ: கணவர் கொண்டாடும் படமும் எனக்கு உறுத்தும் கிட்டாரும்

1999-இல் வெளிவந்த இந்தப் படம் என் கணவருக்கு மிகவும் பிடித்த காதல் நகைச்சுவைப் படம். எனக்கும் பிடிக்கும், ஆனால் அதன் முடிவை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தை இயக்குநர் கில் ஜங்கர் சியாட்டில் நகரத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நிகழும் கதையாக மாற்றியிருக்கிறார். மூத்தவள் கேட்டரினா ஒருவனோடு பழகத் தொடங்கினால்தான் இளையவள் பியாங்காவுக்கும் அனுமதி என்று அப்பா விதி போட்டுவிட, பியாங்காவை அடைய நினைக்கும் ஜோயி என்ற மாணவன், கேட்டரினாவை வெளியே அழைத்துச் செல்வதற்கென்றே பேட்ரிக் என்ற இன்னொரு மாணவனுக்குப் பணம் கொடுக்கிறான்.

பணத்துக்காக வந்தவன் மனம் மாறுவதை, பேட்ரிக்காக வரும் ஹீத் லெட்ஜர் சிறிதும் மிகையின்றி நடித்திருக்கிறார் என்பது என் கணவரின் கட்சி. விருந்து முடிந்து காரில் அமர்ந்திருக்கும்போது, குடிபோதையில் இருக்கும் கேட்டரினா முத்தமிட நெருங்க, பேட்ரிக் அதை இன்னொரு நாளைக்குத் தள்ளிப்போடுகிறான். பணம் மட்டுமே குறி என்றால் அவன் அப்படி விலக வேண்டிய அவசியமே இல்லை என்று அவர் வாதிடுகிறார். விளையாட்டரங்கின் படிக்கட்டுகளில் அவன் பாடிக்கொண்டே ஓடும் புகழ்பெற்ற காட்சியைவிட இந்தச் சிறு தயக்கத்தையே அவர் உயர்வாக மதிக்கிறார். அந்த மதிப்பீட்டில் எனக்கும் உடன்பாடுதான்.

ஆனால் அதற்குப் பிறகும் அவன் பணம் வாங்குகிறான். இந்த ஆட்டம் சலித்துவிட்டது என்று ஜோயியிடம் சொன்னவன், தொகை 300 டாலராக உயர்ந்ததும் வாங்கிக்கொண்டு, பள்ளி நடன விழாவுக்கு வரும்படி கேட்டரினாவை வற்புறுத்துகிறான். இதில் உனக்கு என்ன லாபம் என்று அவள் நேருக்கு நேர் கேட்கும்போது, உண்மையைச் சொல்லாமல், அவளுடைய சந்தேக குணமே கோளாறு என்பதுபோல் பேசிவிடுகிறான். அவள் சந்தேகித்ததோ முழுக்க முழுக்கச் சரி. என்னைப் பொறுத்தவரை பணம் வாங்கியதைவிட இதுதான் பெரிய துரோகம். கடைசியில் அதே பணத்தில் வாங்கிய கிட்டார் ஒன்றை அவள் காரில் வைத்துவிட்டு அவன் வந்து நிற்க, அவளும் சிணுங்கிக்கொண்டே மன்னித்துவிடுகிறாள். பணத்தைப் பற்றி ஒப்புக்கொள்பவன், அவளையே குற்றவாளியாக்கிய அந்தப் பேச்சைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

மூல நாடகத்திலும் நாயகன் பெட்ரூக்கியோ செல்வத்தைத் தேடித்தான் பெண் பார்க்க வருகிறான். ஆகவே பணம் கதைக்குள்ளேயே இருப்பது என்று கணவர் சொல்வது நியாயமே. ஆயினும், நாடகத்தின் இறுதியில் மனைவி கணவனுக்குப் பணிந்து நடக்க வேண்டும் என்று நாயகி கேத்தரின் நிகழ்த்தும் நீண்ட உரைக்கு ஈடான இடத்தில், வகுப்பறையில் அழுதுகொண்டே தன் கவிதையைப் படிக்கும் பெண்ணை வைக்கத் துணிந்தவர்கள், அதற்கடுத்த காட்சியிலும் அதே துணிவைக் காட்டியிருக்கலாம். அந்தக் கவிதையில், கேட்டரினாவாக நடிக்கும் ஜூலியா ஸ்டைல்ஸின் குரல் உடையும் இடத்தில் நாங்கள் இருவருமே பேச்சற்றுப்போகிறோம்.

அப்பாவாக வரும் லாரி மில்லரைப் பற்றியும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. வெறும் சிரிப்புக்காக வந்தவர்போல் தோன்றும் அவர், மூத்த மகள் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்ல இசைந்து பேசும் காட்சியில் படத்தின் மிக முதிர்ந்த மனிதராகிவிடுகிறார். பள்ளி ஆலோசகராக அலிசன் ஜேனி வரும் சில நிமிடங்களும் அருமை.

அமெரிக்காவில் இதற்குப் பிஜி-13 சான்றிதழ் (13 வயதுக்குட்பட்டவர்களுக்குக் காட்டும்முன் பெற்றோர் யோசிக்க வேண்டும் என்பது பொருள்) வழங்கப்பட்டது. குடியும் பாலியல் பேச்சும் உண்டு. பதின்வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம் என்கிறார் கணவர். காட்டலாம்தான், ஆனால் கிட்டார் காட்சி முடிந்ததும், கேட்டரினாவின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று பிள்ளைகளிடம் அவசியம் கேளுங்கள் என்பேன் நான்.