சாதுவான சேவல் என்று நம்பி வாங்கினேன், 6,500 போனது. வீட்டில் கோழி வளர்ப்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஆறு நாள் முன்னாடி என் மகளின் கெண்டைக்காலில் ஒரு சேவல் தன் காலில் கூராக வளர்ந்திருக்கும் முள்ளை இறக்கியது. அவளுக்கு ஏழு வயது. அந்தச் சேவலைக் காசு கொடுத்து வாங்கி வந்தது நான்தான். "குழந்தை மடியில் உட்காரும், அவ்வளவு சாது" என்று எழுதி விற்றார்கள். சேவலுக்கு 4,000, வண்டிக்கு 1,000, அப்புறம் அதன் கோபத்தை அடக்க என்று அதே ஆள் விற்ற பொடிக்கு 1,500. மொத்தம் 6,500. நேற்று இரவோடு அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அடங்கிவிட்டால் "போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

வீட்டுக்குப் பின்னால் நாலு பெட்டைக் கோழி வளர்க்கிறேன். முட்டைக்குக் குறைவில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சேவல் தேடினேன். ஆட்கள் வாங்கவும் விற்கவும் போடும் ஒரு இணையப் பக்கம், பெயர் சொல்லப் போவதில்லை. அங்கே ஒரு வீடியோ. ஒரு சிறுமியின் மடியில் சேவல் மல்லாந்து படுத்திருக்கிறது. கால் இரண்டும் மேலே, கண் பாதி மூடியிருக்கிறது, அசைவே இல்லை. அந்தப் பெண் அதன் தாடியை வருடுகிறாள். அதைப் பார்த்ததும் என் மனசு விழுந்துவிட்டது. என் மகளும் பக்கத்தில் இருந்து பார்த்தாள். "அம்மா, இதுதான் வேணும்" என்றாள்.

உடனே பேசினேன். அந்த ஆள் பேசிய விதம் அப்படி. "அக்கா, எத்தனை பெட்டை வச்சிருக்கீங்க?" என்று அவராகவே கேட்டார். நாலு என்றேன். "நாலு தாராளமாப் போதும்க்கா. எட்டு மாசக் குட்டிச் சேவல், எங்க வீட்டுப் புள்ளைங்க கையிலயே வளர்ந்தது. கடிக்கவும் தெரியாது, கொத்தவும் தெரியாது." இவ்வளவு விசாரிக்கிறாரே, அக்கறையான ஆள்தான் என்று நினைத்தேன். அந்த ஒரு கேள்விதான் என்னைக் கவிழ்த்தது. அன்று மாலையே 4,000 அனுப்பினேன். நேரில் போய்ப் பார்க்கவில்லை. வண்டிக்கு 1,000 தனியாக வாங்கிக்கொண்டார்.

சேவல் வந்து சேர்ந்தது ராத்திரி எட்டரை மணிக்கு. அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தபோது கையில் பஞ்சு மாதிரி இருந்தது. தூக்கினேன், திருப்பினேன், ஒரு சத்தம் இல்லை. மகள் மடியில்கூட வைத்தேன், அதை இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. "நல்லபடியா வந்துச்சு, ரொம்ப சாதுதான்" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். பிறகு பணம் கேட்டபோதெல்லாம் அந்தச் செய்தியைத்தான் என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

முதல் பத்து நாள் பிரச்சினை இல்லை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, தீனி போடப் போனபோது என் எதிரே பக்கவாட்டில் நடந்து வந்தது. ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்தி அரை வட்டம் போட்டது. கழுத்து இறகு சிலிர்த்து நின்றது. தரையில் ஒன்றும் இல்லாத இடத்தில் கொத்திக் கொத்தி என்னையே பார்த்தது. வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். வந்த பதில்: "அக்கா, அது உங்க மேல பாசம். ஆடிக் காட்டுது."

பாசமாம். பெட்டையிடம் அந்த ஆட்டம் வேறு, மனிதர் எதிரே அதே ஆட்டம் "வந்து பார்" என்று சொல்வது. எனக்கு அப்போது அது தெரியாது. கோழி விற்கிறவருக்குத் தெரியும்.

மறுநாள் என் காலணியைக் கொத்தியது. அடுத்த நாள் முழங்கால் உயரத்துக்கு எகிறி இரண்டு காலாலும் உதைத்தது. கூப்பிட்டேன். "என்ன கலர் டிரெஸ் போட்டிருந்தீங்க?" என்று கேட்டார். சிவப்பு என்றேன். "அதான்க்கா காரணம்." மறுநாள் சாம்பல் நிறத்தில் போட்டுப் போனேன், அப்போதும் பாய்ந்தது. மறுபடி கூப்பிட்டேன். "ஒரு உதை விடுங்க, பயம் வந்துடும்" என்றார். உதைக்க மனசு வரவில்லை, துடைப்பத்தால் தள்ளிவிட்டேன். அன்றிலிருந்து துடைப்பத்தைக் கண்டாலே சண்டைக்கு வந்தது. உதைத்தால் அது நம்மை இன்னொரு சேவலாகத்தான் எடுத்துக்கொள்ளும் என்று பின்னால் கால்நடை மருத்துவர் சொன்னார். பயந்து பின்வாங்கி ஓடினாலும் அதே கதைதான். ஓடினால் அது ஜெயித்ததாகக் கணக்கு, மறுநாள் இன்னும் தைரியமாக வரும்.

நான்காவது தடவை பேசியபோது குரல் மாறியிருந்தது. "கோழி வளர்க்கத் தெரியாம வாங்கிட்டு எங்களைக் குறை சொல்லாதீங்க." அரை மணி நேரம் கழித்து அவரே மெதுவான குரலில் கூப்பிட்டு, "ஒரு பொடி இருக்குக்கா, தீனியில கலந்தா ஒரு வாரத்துல சாந்தமாயிடும். 1,500 தான்" என்றார். அதையும் வாங்கினேன். ஏற்கெனவே 5,000 போட்டாச்சு, இன்னும் கொஞ்சம் போட்டால் சரியாகிவிடும் என்ற நினைப்பு. பாக்கெட்டில் பெயர் இல்லை, என்ன கலந்திருக்கிறது என்று இல்லை, தேதி இல்லை. பழுப்பாக மாவு மாதிரி, மஞ்சளும் பழைய தவிடும் கலந்த வாசனை. ஆறு நாள் போட்டேன். ஏழாம் நாள்தான் மகளுக்கு அந்தக் காயம்.

நடந்ததைச் சொல்கிறேன். முட்டை எடுக்கப் போனாள், நான் வாசல்படியில் நின்றேன், பத்தடி தூரம்தான். அவள் கூட்டுக்குள் குனிந்தாள், உள்ளேயிருந்த கருப்பி என்ற பெட்டை கத்தியது. பெட்டை கத்தினால் சேவல் ஓடி வரும், அது அதன் வேலை. பின்பக்கமாக வந்து எகிறியது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் மூன்று தடவை உதைத்துவிட்டது. கெண்டைக்காலில் சின்ன ஓட்டைதான், மேலே பார்த்தால் பெரிதாகத் தெரியவில்லை. மருத்துவமனையில் அதைக் கழுவ இருபது நிமிஷம் ஆனது. முள் குத்தினால் வாய் சின்னது, ஆழம் அதிகம், அழுக்கு உள்ளேயே நிற்கும் என்றார்கள். தையல் போடாமல் திறந்து விட்டு, டெட்டனஸ் ஊசி போட்டு அனுப்பினார்கள். அவள் நிமிர்ந்து நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை, குனிந்தபடியே திரும்பியிருந்தால் அந்த உயரத்தில் அவள் கண் இருந்திருக்கும். ஆறு நாளாக எனக்குத் தூக்கம் இல்லாததற்கு அதுதான் காரணம்.

மறுநாள் சேவலைக் கூடையில் போட்டுக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் சேவலின் காலைப் பார்த்தார். "எத்தனை மாசம்னு சொன்னாங்க?" எட்டு என்றேன். தலையை ஆட்டினார். முள் இரண்டும் விரல் நீளத்துக்கு வளர்ந்து மேல்நோக்கி வளைந்திருந்தன. எட்டு மாசச் சேவலுக்கு இப்படி இருக்காது, இரண்டு வயசுக்குக் குறையாது என்றார். பிறகு என் விரலைப் பிடித்து வலது முள்ளின் நுனியில் வைத்தார். கூராக முடிய வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. மேலே நெருக்கமாகக் கோடுகள், அரத்தால் ராவிய கோடுகள். இடது முள்ளிலும் ராவியிருந்தார்கள், ஆனால் ஒரு ஓரம் சில்லு பெயர்ந்து உடைந்த கண்ணாடி மாதிரி இருந்தது. என் மகள் காலில் இறங்கியது அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அது என் வீட்டுக்கு வந்து கெட்டுப்போன சேவல் இல்லை. இதற்கு முன்னாலேயே யாரையோ உதைத்திருக்கிறது. அவர்கள் முள்ளை ராவிப் பார்த்திருக்கிறார்கள், அடங்கவில்லை, "எட்டு மாசக் குட்டி" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். தெரிந்தே செய்தது. குழந்தை இருக்கிற வீடு என்றும் அவருக்குத் தெரியும், நானே சொன்னேன்.

அந்த மல்லாந்து படுக்கிற வீடியோவையும் மருத்துவரிடம் காட்டினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை. கோழியை மல்லாத்திப் பிடித்தால் எந்தக் கோழியும் அப்படித்தான் கிடக்கும், அது சாது இல்லை, பயத்தில் உறைந்து போகிறது என்றார். கழுகு வாயில் சிக்கினால் செத்த மாதிரி கிடக்கிற அதே குணம். ராத்திரி வந்தபோது பஞ்சாக இருந்ததற்கும் காரணம் சொன்னார். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் தூக்கினாலும் அடங்கிக் கிடக்கும். பத்து நாள் அமைதியும் அப்படித்தான். புது இடம், புது ஆட்கள், அது தன் இடம் என்று எடுத்துக்கொள்ளும் வரை ஒடுங்கி இருந்திருக்கிறது. நான் சாது என்று நம்பிய மூன்று தடவையும் அது பயத்தில் இருந்திருக்கிறது. அந்தப் பிராணியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

என் பெட்டைகளையும் பார்த்தார். புள்ளிக்கோழிக்கு முதுகில் இறகே இல்லை, தோல் சிவந்திருக்கிறது. கருப்பிக்கு விலாவில் இறக்கைக்கு அடியில் கிழிசல், இறகு மூடியிருந்ததால் எனக்கே தெரியவில்லை. ஒரு சேவலுக்கு எட்டு, பத்து பெட்டையாவது வேண்டுமாம். நாலு மட்டும் இருந்தால் மாற்றி மாற்றி அதுகளையே மிதித்து முதுகைக் கிழித்துவிடும். "நாலு தாராளமாப் போதும்க்கா." பொடியைக் காட்டினேன், அதைத் தூக்கிப் போடச் சொன்னார். தீனியில் கலந்து சேவலின் குணத்தை மாற்றுகிற பொடி என்று ஒன்று இல்லை, என்னவென்று தெரியாததைப் பெட்டைகளும் தின்றிருப்பதால் அந்த முட்டைகளையும் சாப்பிடாதீர்கள் என்றார். ஒரு வாரத்து முட்டையையும் குழி தோண்டிப் புதைத்தேன்.

இதையெல்லாம் படம் எடுத்து அந்த ஆளுக்கு அனுப்பினேன், முள்ளின் நுனியைக் கிட்டத்தில் எடுத்த படமும். பார்த்ததாகக் காட்டியது, பதில் இல்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. கணவர் எண்ணிலிருந்து கூப்பிட்டேன், எடுத்து, "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது, நீங்கதானே நல்லா வந்துச்சுன்னு மெசேஜ் போட்டீங்க" என்று வைத்துவிட்டார். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களிடம் முறையிட்டேன். "வாங்குபவர் விற்பவர் இடையிலான பிரச்சினையில் தலையிட மாட்டோம்" என்று ஒரே வரி. விற்பனைப் பதிவுக்குக் கீழே நடந்ததை எழுதினேன், ஒரு மணி நேரத்தில் அழித்துவிட்டார்கள். 6,500 கொடுத்தவளுக்கு ஆறு வரி எழுத இடமில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு விவரமாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன், மகளுக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது. முக்கியமானது மட்டும் சொல்கிறேன். சேவலைப் பகலில், அது இருக்கிற இடத்திலேயே போய்ப் பாருங்கள். விற்பவரை அதன் கூண்டுக்குள் போய் முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள், தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். முள்ளின் நுனியைத் தடவிப் பாருங்கள். மல்லாத்திக் காட்டும் வீடியோவை நம்பாதீர்கள். முட்டைக்கு மட்டும் என்றால் சேவலே வேண்டாம், அது இல்லாமலும் பெட்டை முட்டை போடும். ஏற்கெனவே பாய்கிற சேவல் வீட்டில் இருந்தால் சின்னப் பிள்ளைகளைத் தனியாக உள்ளே விடவே விடாதீர்கள். நீங்கள் போனாலும் முதுகைக் காட்டாதீர்கள், ஓடாதீர்கள், உதைக்காதீர்கள், நின்று மெதுவாக வெளியே வாருங்கள். முள்ளை நீங்களே வெட்டப் பார்க்காதீர்கள், உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது.

சேவல் இப்போது தனிக் கூண்டில் இருக்கிறது. அதை யாருக்கும் பொய் சொல்லித் தள்ளிவிட மாட்டேன். இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். வேறொரு சேவலின் படம், விலை 4,500. கூடவே அதே சிறுமியின் மடி வீடியோ. கீழே மூன்று பேர் "இன்னும் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள்.