சென்னை ஈசிஆர்ல 3 நாள் ஃபீல்ட் பாதுகாப்பு ட்ரெய்னிங், போயிட்டு வந்தவங்க சொல்றது

சண்டை நடக்குற நாட்டுக்கு வேலைக்குப் போற நர்ஸ், டாக்டர், தண்ணி சாப்பாடு மருந்து கொண்டு போற என்ஜிஓ ஆளுங்க, இவங்களுக்குன்னு நடத்துற பயிற்சி இது, ஹீட் (HEAT) ட்ரெய்னிங்னு சொல்வாங்க, வெயில் சூடு இல்ல, ஆபத்தான எடத்துல உஷாரா இருக்கக் கத்துக் கொடுக்குறது. கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்புல தங்க வச்சு நடத்துனாங்க, எல்லாம் சேர்த்து 28,000 ரூபா. ஒரு பெரிய குறை சொல்லப் போறேன், அதனால நடத்துறவங்க பேரு போடல.

ரத்தத்த நிறுத்துற செஷனுக்கு மட்டுமே அந்தக் காசு கொடுக்கலாம். நான் 11 வருஷமா வார்டுல வேலை பாக்குறவ, ஆனா டூர்னிக்கே பெல்ட்ட என் கையால கட்டுனது இதான் மொத தடவ. இறுக்கி கம்பிய முறுக்கு முறுக்குனு முறுக்குறேன், குழாய்லேர்ந்து செவப்புத் தண்ணி வந்துக்கிட்டே இருக்கு. அடிபட்டவரா நடிச்ச தம்பி பேன்ட் பாக்கெட்ல செல்போன் இருந்திருக்கு, நான் அது மேலயே கட்டிட்டேன், அப்புறம் எப்படி இறுகும்? பாக்கெட்ட காலி பண்ணு, காயத்து மேலயே கட்டாம அதுக்கு மேல்பக்கமா ஒடம்பு பக்கம் கட்டு, முட்டி மூட்டுலயே கட்டாத, கட்டுன டைம எழுதி வை. இனி மறக்காது.

ரெண்டாவது நாள் ராத்திரி செக்போஸ்ட் பயிற்சி. கும்மிருட்டு, கட்டைத் துப்பாக்கியோட ரெண்டு பேர் ஜீப்ப மறிக்கிறாங்க. தூரத்துலயே ஸ்பீட கொறைச்சு, ஹெட்லைட்ட தணிச்சு, உள்ள லைட்ட போட்டு, கைய தெரியுற மாதிரி வைக்கணும்னு காலையிலதான் சொல்லிக் கொடுத்தாங்க. இருந்தும் ஐடி கார்டுன்னு கேட்ட உடனே நான் சட்டுனு பைக்குள்ள கைய விட்டேன், அந்த ஆளு போட்ட சத்தத்துல ஒடம்பே ஆடிப்போச்சு. "மேடம், பையில இருக்கு, எடுக்கட்டுமான்னு கேட்டுட்டு மெதுவா எடுங்க"ன்னு ட்ரெய்னர் அண்ணன் மறுபடி மறுபடி செய்ய வச்சாரு.

அவரு சொன்னதுல மனசுல நின்னது இன்னொண்ணு. சண்டை போடுற ரெண்டு தரப்புல ஒரு தரப்போட ராணுவத்த துணைக்குக் கூட்டிட்டுப் போனா மறு தரப்புக்கு நீங்களும் எதிரிதான், அதவிட ரோட்டோரம் டீக்கடை வச்சிருக்கவர்கிட்ட நல்ல பழக்கம் இருந்தா இன்னிக்கு அந்த வழி வேணாம்னு அவரே சொல்லிடுவாருன்னாரு. போற வழி, இருக்குற இடம் எல்லாத்தையும் சண்டை போடுறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சும் அடி வாங்குனவங்க கதையையும் மறைக்காம சொன்னாரு. ஆப்கானிஸ்தான் குந்தூஸ்ல 2015 அக்டோபர் 3, எம்எஸ்எஃப்ங்குற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்போட ஆஸ்பத்திரி, எந்த இடத்துல இருக்குன்னு துல்லியமா தெரிவிச்சிருந்தும் அமெரிக்க விமானம் குண்டு போட்டு 42 பேர் செத்தாங்க. காசாவுல 2024 ஏப்ரல் 1, சாப்பாடு இறக்கி வச்சுட்டுத் திரும்புன வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் நிவாரண அமைப்போட 3 வண்டி, இஸ்ரேல் ராணுவம் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா அடிச்சதுல 7 பேர் போயிட்டாங்க.

இப்ப குறை. 3 நாளும் வெளிநாட்டுலேர்ந்து போயி, ஆபத்துன்னா ஃப்ளைட் ஏறித் திரும்புற ஆளுக்குதான் பாடம். அந்த ஊர்லயே பொறந்து அங்கயே ட்ரைவராவும் மொழிபெயர்ப்பாளராவும் வேலை செய்றவங்களப் பத்தி கடைசி நாள் அரை மணி நேரம், அதுவும் பஸ் வந்துடும்னு அவசர அவசரமா. 2024ல உலகம் முழுக்க 380க்கு மேல நிவாரணப் பணியாளர்கள் கொல்லப்பட்டாங்க, அதுல பெரும்பாலானவங்க உள்ளூர் ஆளுங்க. நம்ம பக்கத்துலயே இலங்கையில, திருகோணமலை மாவட்டத்து மூதூர் இருக்கே! 2006 ஆகஸ்ட்ல, பசிக்கு எதிரான பிரெஞ்சு அமைப்புல வேலை செஞ்ச 17 பேர், 16 பேர் தமிழர், ஒருத்தர் முஸ்லிம், எல்லாரும் உள்ளூர்க்காரங்க. சண்டைக்கு நடுவுல ஊர விட்டுக் கிளம்ப முடியாம ஆபீஸ்லயே இருந்தவங்கள சுட்டுக் கொன்னாங்க, இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. நான் இதச் சொன்னப்ப பக்கத்துல இருந்த திருகோணமலை அக்கா பேனாவ மூடி வச்சுட்டு எழுந்து வெளிய போயிட்டாங்க. அவங்க பின்னாடி யாரும் போகல, நானும் போகல, அது இன்னும் உறுத்துது.

சாப்பாடு சுமார், கொசு அதிகம், கேன்வாஸ் ஷூ எடுத்துட்டுப் போங்க. நிச்சயம் போகவேண்டிய பயிற்சி, 5க்கு 3 ஸ்டார், உள்ளூர் ஆளுங்களுக்குன்னு ஒரு முழு நாள் சேர்த்தா 5ம் கொடுப்பேன், இத அவங்ககிட்டயே எழுதியும் கொடுத்துட்டேன்.

அடுத்த மாசம் தெற்கு சூடானுக்குக் கிளம்புறேன். அங்க எங்க வண்டிய ஓட்டப்போற ட்ரைவருக்கு இந்த பயிற்சி கொடுத்தீங்களா, இன்சூரன்ஸ் இருக்கான்னு ஆபீஸுக்கு ரெண்டு மெயில் போட்டிருக்கேன், பதில் வரல, திங்கக்கிழமை போன் பண்ணப் போறேன்.