ஆறு கலர் பிரிண்டரும் அரக்குப் பட்டும்

பாலக்கோட்டில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "விலை இறங்கியிருக்குண்ணா. நீங்க வெச்சிருக்கற அதே இங்க் டேங்க் பிரிண்டர். வாங்கட்டுமா?" போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சைஸ், இங்க் விலை எல்லாம் அவனுக்கே தெரியும். என் தர்மபுரி கடையில் வருஷக்கணக்காக ஓடுகிறது. செலவு குறைவு. வழக்கமான நாலு கலரோடு லைட் சயன் (வெளிர் பச்சைநீலம்), லைட் மெஜந்தா (வெளிர் ஊதாச்சிவப்பு) இருப்பதால், கன்னத்தில் வெளிச்சம் விழும் இடத்தில் புள்ளியே தெரியாது. இந்தக் காசுக்கு இப்படி ஒரு தோல் நிறம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

எரிச்சல் ஒன்றுதான், நிறத்தைத் தானே திருத்தும் வசதி: ஆட்டோ கரெக்‌ஷன். அதை ஆஃப் பண்ணி வைத்தாலும், பேப்பர் சைஸை மாற்றியதும் தானாக ஆன் ஆகிவிடும். போன முகூர்த்தத்தில் பென்னாகரம் பக்கம் ஒரு கல்யாண ஆல்பம். பெண்ணுக்கு அரக்குப் பட்டு, பின்னால் சிவப்புத் திரை. படத்தில் சிவப்பு கூடிவிட்டது என்று அதுவே முடிவு செய்து, சிவப்புக்கு எதிரான சயனை ஏற்றிவிட்டது. மல்லிகைச் சரம் நீலம் பாரித்தது. மஞ்சள் பூசிய கன்னம் சாம்பலடித்தது. "எம்பொண்ணு காய்ச்சல்ல கெடந்தவ மாதிரி இருக்காளே" என்று பெண்ணின் அம்மா கேட்டபோது பதில் சொல்ல வாய் வரவில்லை. அத்தனையும் மறுபடி அடித்தேன்.

இது புது வியாதி இல்லை. படம் முழுவதையும் கலந்து பார்த்தால் சராசரியாகச் சாம்பல் நிறம் வரும் என்ற கணக்கில்தான் ஃபிலிம் காலத்து பிரிண்ட் மெஷினும் அடித்தது. சிவப்புச் சேலை வந்தால் அதுவும் ஏமாறும். ஆனால் அதன் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். சேலம் லேப்பில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன் நெகட்டிவைப் பார்த்ததுமே சயனை இறக்கிவிட்டுத்தான் பிரிண்ட் பட்டனைத் தொடுவார். கலர் சரிபார்க்க கோடக் அனுப்பிய ஷெர்லி கார்டில் ரொம்ப காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள்; நம் ஊர் முகத்துக்கு அதை வைத்து என்ன செய்வது? நன்றாக வந்த கருத்த மாப்பிள்ளை பிரிண்ட் ஒன்றை மெஷினில் ஒட்டி வைத்திருந்தார். "மொதல்ல வேட்டியப் பாரு, அப்புறம் மூஞ்சியப் பாரு" என்பார். வேட்டியை முழு வெள்ளையாக்கவும் விடமாட்டார், முகம் செத்துப்போகும் என்று.

நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழ வைக்கும் என்லார்ஜரில் இன்னும் சிரமம், எல்லாமே தலைகீழ். பிரிண்ட் மஞ்சளடித்தால் மஞ்சள் ஃபில்டரைக் கூட்ட வேண்டும், பச்சையடித்தால் மெஜந்தாவைக் குறைக்க வேண்டும். ஈரப் பேப்பரைப் பார்த்து நிறம் சொல்லவே கூடாது. இந்த பிரிண்டரிலும் அப்படித்தான்: இங்க் நன்றாகக் காய்ந்த பிறகு வாசல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டை நம்பாதீர்கள்.

வைத்திருப்பவர்கள் இதைச் செய்யுங்கள். கலர் பொறுப்பை ஃபோட்டோஷாப்பிடம் விட்டு, அந்தந்தப் பேப்பரில் நிறம் எப்படி விழும் என்று சொல்லும் ஐசிசி ப்ரொஃபைலைக் கொடுத்து, பிரிண்டரின் டிரைவர் சாஃப்ட்வேரில் கலர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் பண்ணுங்கள். இரண்டு இடத்திலும் திருத்தம் நடந்தால் பெரும்பாலும் மெஜந்தா ஏறும். இன்ஃபோ பேனலில் கன்னத்தின் சிஎம்ஒய்கே (சயன், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) எண்ணைப் பாருங்கள்: மஞ்சள் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்கலாம், சயன் இரண்டுக்கும் கீழே. கருத்த முகத்தில் சயன் ஏறத்தான் செய்யும், அதைப் பிடித்துக் குறைக்காதீர்கள். பிரிண்ட் கொடுக்கும் முன் ஒவ்வொரு தடவையும் அந்த ஆட்டோ டிக்கைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும்.

தம்பிக்கு என் பதில்: வேண்டாம். மெஷின் நல்ல மெஷின்தான், மேலே சொன்ன எதையும் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் உன் கடையில் பிரிண்ட் போடுவது பார்ட் டைமுக்கு வரும் காலேஜ் பையன்கள். முகூர்த்த அவசரத்தில் அந்த டிக்கை யார் பார்ப்பார்கள்? ஆடி மாசம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. வாங்கியே ஆகணும் என்றால் என்னிடம் வந்து அந்த அரக்குப் பட்டு மாதிரி ஒரு ஃபைலை வாங்கிக்கொள். பணம் கட்டும் முன்னால், கடைக்காரரை இரண்டு பேப்பர் சைஸில் அடித்துக் காட்டச் சொல்.