மால்வா கிராமக் குடிநீர்: ஆர்.ஓ. நிலையமா, கால்வாய் நீரா?

பஞ்சாபின் மால்வா பகுதியில், பதிண்டா, மான்சா பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் உப்போடு ஃபுளோரைடும் யுரேனியமும் இருக்கின்றன. கைப்பம்புத் தண்ணீரைக் காய்ச்சினாலும் இவை போகாது; நீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

சுத்தம்
ஆர்.ஓ.: நீரை நுண்ணிய சவ்வு வழியே அழுத்தி வடிக்கும் முறை; மூன்றையும் பெருமளவு நீக்கும்.
கால்வாய்: உப்பு குறைவு, ஆனால் கலங்கலும் கிருமியும் உண்டு. படிவுத் தொட்டி, மணல் வடிகட்டி, குளோரின் மூன்றும் வேண்டும். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் மிஞ்ச வேண்டும். லூதியானாவின் புட்டா நாலா என்ற கழிவுநீர் ஓடை, மால்வாவின் சில கால்வாய்களுக்கு நீர் தரும் சட்லெஜ் ஆற்றில் கொண்டுவந்து சேர்க்கும் ஆலைக் கழிவுக்கு இந்த ஏற்பாடு போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பராமரிப்பு
ஆர்.ஓ.: முன்வடிகட்டியைக் கவனிக்காவிட்டால் சவ்வு சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கழிவுநீரை ஊர்க் குளத்தில் விட்டால், நீக்கிய யுரேனியம் மறுபடி ஊருக்குள்ளேதான்.
கால்வாய்: தொட்டியில் வண்டல் அள்ள வேண்டும்.

வசதி
ஆர்.ஓ.: கேனில் சுமக்க வேண்டும்.
கால்வாய்: வீட்டுக் குழாயிலேயே வரும். பராமரிப்புக்காகக் கால்வாயை மூடும் ‘பந்தி’ வாரக்கணக்கில் நீளும். அத்தனை நாளுக்கும் தொட்டி தாங்க வேண்டும்.

கால்வாய் அருகே, தொட்டி தோண்டப் பொதுநிலமும் உள்ள ஊருக்குக் கால்வாய் நீரே மேல். தண்ணீர் எட்டாத கடைமடை ஊரில் குடிக்க, சமைக்க மட்டும் ஆர்.ஓ.; குளிக்க, துவைக்க ஆழ்துளைக் கிணறு போதும்.